நான் தாண்டிப் படித்த பத்திகள்

என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கி ஒன்பது மாதம் ஆகிறது. ஓரத்தில் ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. அன்று முதல் தினமும் மாலை நாலு மணிக்கு, இணையத்தில் வரும் ஒரு தொடர்கதையை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், இருபத்திரண்டு நிமிடம். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் நடத்திய தொண்டை அதற்கு உதவியது. ஓய்வு பெற்ற பின் ஒருவர் எனக்காகக் காத்திருந்தது அந்த நாலு மணிக்கு மட்டும்தான்.

போன மாதம் லேப்டாப்பில் பிரவுசர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. மேலே இருந்த ஆறு பொத்தான்களில் நாலு இடம் மாறியிருந்தன. ஒன்றைக் காணவே இல்லை. பெருந்துறையில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

"நல்லதுக்குத்தானுங்கப்பா. காது மாதிரி ஒரு பொத்தான் இருக்குது பாருங்க, அமுக்குங்க. அதுவே கதைய வாசிச்சுக் காட்டும். உங்க தொண்டைக்கும் ரெஸ்ட்டு."

அமுக்கினேன். ஒரு பெண் குரல் தடங்கலில்லாமல் வாசித்தது.

"ஏனுங்க, இந்தப் பொண்ணு நல்லா வாசிக்குதே!" என்றாள் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. இனி நாலு மணிக்கு எனக்கென்ன வேலை?

குரல் கதையோடு நிற்கவில்லை. விளம்பரம், 'பகிர்க', 'மேலும் படிக்க', அதற்கும் கீழே வாசகர்கள் எழுதிய பதினேழு கருத்துகள் என்று போய்க்கொண்டே இருந்தது. அடுப்பில் பால் இருந்தது. குரலை நிறுத்தப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பேசிட்டிருக்கறவங்க வாயப் பாதில அடைப்பாங்களா? முடிக்கட்டுங்க."

"அது மெசினு, அம்மணி."

"இருக்கட்டும். நம்ம ஊட்டுக்கு வந்து பேசுதுல்ல?"

பதினாறாவது கருத்தில் அரை லிட்டர் பாலும் பொங்கி வழிந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் அவள் விடவில்லை. கதையை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றாள். பதினோராம் அத்தியாயத்தில் அமராவதி ஆறு வந்தது. அவள் பிறந்தது தாராபுரம்.

"ஏனுங்க, இந்த ஆத்தப் பத்தி நீங்க படிக்கவே இல்லியே?"

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். வர்ணனை வந்தால் கதை நகராது என்று தாண்டிவிடுவேன்.

"மொத்தம் எத்தன தாண்டுனீங்க? எண்ணாமயா இருந்திருப்பீங்க?"

"எண்பத்து மூணு பத்தி."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஊட்டுக்கு ஏழு சன்னல், மூணு தூணுன்னு வந்தா மட்டும் ஒண்ணு விடாம படிச்சீங்களே!"

அவள் சிரித்து முடிப்பதற்குள் குரல் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருந்தது. அத்தியாயத்தின் தலைப்பில் ஒரு படம் உண்டு. குரல் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது.

"படத்துல என்னங்க இருக்குது?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

குரலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். "ஆத்துப் படித்துறை. பதினாலு படி. மூணாவது படில ஒரு பொண்ணு உக்காந்திருக்கறா. எடது கையில அஞ்சு வளையலு, வலது கையில நாலு."

"ஒண்ணு ஒடஞ்சு போச்சாட்ட இருக்குது. மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கறாளா?"

"முதுகுதான் தெரியுது."

"அப்பத் தொங்கத்தான் போட்டிருப்பா."

இப்போது நாலு மணிக்கு நாங்கள் மூன்று பேர். குரல் வாசிக்கும். படம் வந்ததும் மனைவி, "கொஞ்சம் இரு கண்ணு, அவரு சொல்லட்டும்" என்பாள். நான் பொத்தானை அமுக்கிவிட்டு எண்ணத் தொடங்குவேன்.

போன வாரம் பிரவுசர், புதிய வசதி எப்படி இருக்கிறது என்று கேட்டது. ஏழு குறைகள் எழுதினேன்.

"படத்தச் சொல்லத் தெரியலீன்னும் எழுதுங்க" என்றாள் மனைவி. "பாவம், கத்துக்கட்டும்."

எழுதிவிட்டேன் என்றேன். எழுதவில்லை.

இந்தக் கட்டுரையையும் அந்தக் குரல்தான் அவளுக்கு வாசிக்கப்போகிறது. பத்தியைத் தாண்ட அதற்குத் தெரியாது.