பெயர் வராத நாட்களின் மாத்திரை

காலை ஆறு மணிக்குப் போன் ஒலிக்கும்போதெல்லாம் என் பிடரியை யாரோ அழுத்துவது போலிருக்கும். இதயம் காதுக்குள் அடிக்கும். அதை மூன்று மாதம் பயம் என்றே நினைத்திருந்தேன்.

சேதராப்பட்டில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். வாரம் ஆறு நாள் போய்க்கொண்டிருந்தேன். ஆர்டர் குறைந்துவிட்டது, இனி கூப்பிடும் நாளில் மட்டும் வந்தால் போதும் என்று ஒருநாள் எங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். யார் யார் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் குமரன் காலையில் வாட்ஸ்அப்பில் பெயர்களைப் போடுவார். பெயர் இருந்தால் ஆறரைக்கு உப்பளம் நிறுத்தத்தில் வேன் ஏற வேண்டும். கூப்பிட்டும் வராதவர்களின் பெயர் அப்புறம் வரவே வராது என்று எங்களுக்குள் பேச்சு இருந்தது.

அதனால் தினமும் ஐந்தரைக்கே குளித்துப் புடவை கட்டிக்கொண்டு உட்காருவேன். வாரத்தில் மூன்று நாள் பெயர் வரும். மற்ற நாட்களில் அதே புடவையோடு பத்து மணிவரை நாற்காலியில் இருப்பேன். சாப்பிடத் தோன்றாது.

"வேலை இல்லன்னா படுத்துத் தூங்கேன் ரோஸி, யார் வாணாங்கறா?" என்பார் என் கணவர் அந்தோணி. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வெல்டர். படுத்தால் தூக்கம் வராது என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்து நிற்கவில்லை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். ரத்தக்கொதிப்பு (ரத்தம் குழாய்ச் சுவர்களை அளவுக்கு மேல் அழுத்திக்கொண்டே இருப்பது). தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பரிசோதனை. அன்றைக்குத்தான் அடுத்த மாதத்து மாத்திரையும் தருவார்கள். முதல் தடவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தந்தார்கள்.

"நல்லா ஆயிட்ட மாதிரி இருந்தாலும் நிறுத்தக் கூடாதும்மா" என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

அடுத்த மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை என் பெயர் வந்தது. வேனில் ஏறினேன். கையிலிருந்த மாத்திரை தீரப் பார்த்தது. வேலைக்குப் போகும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படிச் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து மேலே படியுங்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கம்பெனியில் பெட்டிக்குள் விவரத்தாள் வைக்கும் இடத்தில் நின்றிருந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே செல்வி.

"அக்கா, பேப்பர் வெக்காம பொட்டி போவுது பாரு."

பார்த்தேன். இடது கை தாள்களின் மேல் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. எடு என்று நினைத்தேன். விரல்கள் அப்படியே கிடந்தன.

"ஒண்ணுல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது.

"வாய் ஒரு பக்கமா இழுக்குதுக்கா."

வலது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தலையை ஆட்டி, சொல்லாதே என்று காட்டினேன். அந்த நிமிஷத்தில் நான் உயிரைப் பற்றி நினைக்கவில்லை. குமரன் பார்த்துவிட்டால் நாளைக்குப் பெயர் வராது என்றுதான் நினைத்தேன்.

செல்வி என் முகத்தையே பார்த்தாள். அவளும் என்னைப் போலப் பெயருக்குக் காத்திருப்பவள். கையை உதறிக்கொண்டு போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பெல்ட் நின்றது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"யார் நிறுத்தினது?" குமரன் வந்தார்.

"நான்தான். அக்காவுக்கு வாய் கோணிக்கிச்சு. மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார், அப்பறம் என்னைக் கேளுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். சிறிய பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் செயலிழப்பது). நேரத்தோடு வந்ததால் பாதிப்பு குறைவு என்றார் டாக்டர். மாத்திரையைப் பற்றிக் கேட்டார். திக்கித் திக்கி உண்மையைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "வேலை இல்லாத நாள்லயும் ரத்தம் ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு" என்றார். அந்தோணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு செல்வி பார்க்க வந்தாள். பெல்ட்டை நிறுத்திய நாளிலிருந்து மூன்று வாரமாக அவள் பெயர் வரவில்லை. அதை அவள் சொல்லவில்லை. கூட வந்த பெண் சொன்னாள். "நீ சும்மா கெட" என்று அவளை அடக்கிவிட்டு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள் செல்வி.

இரண்டு மாதம் விரல் பயிற்சி. முகம் நேரானது. பேச்சு திரும்பியது. டாக்டரின் கடிதத்தோடு குமரனைப் போய்ப் பார்த்தேன்.

"மாசம் ஒரு செவ்வாக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார். அன்னைக்கி எம்பேரு வந்தாலும் வரமாட்டேன். மத்த நாளு என்னைக்கின்னு மொத நாளே சொல்லிடுங்க. செல்வியையும் கூப்பிடுங்க. அவ நிறுத்தலன்னா உங்க ஹால்லயே நான் போயிருப்பேன்."

அவர் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தார். "மேல கேக்கணும்க்கா. எனக்கும் மொத நாள் தெரியாது" என்றார். அவரும் காலையில்தான் தெரிந்துகொள்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரம் பெயர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் செல்வியின் பெயர் வந்தது, பிறகு என்னுடையது. இப்போது எனக்கு வாரம் இரண்டு நாள், உட்கார்ந்து லேபிள் பார்க்கும் வேலை. முதல் நாளே சொல்வது சில வாரம் நடக்கிறது, சில வாரம் நடப்பதில்லை.

மாத்திரையை எல்லா நாளும் போடுகிறேன்.

இடது கை முழுதாகத் திரும்பவில்லை. வலது கை போன இடத்துக்கு அது கொஞ்சம் கழித்து வருகிறது. துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்தச் சொன்னால் உடனே அழுத்தாது. அவசரப்படுத்தினால் நழுவிக் கீழே விழும். விட்டுவிட்டுக் காத்திருந்தால் விரல்கள் மெதுவாக மூடும். இன்று மாடியில் ஆறு துணி போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் நன்றாக இருந்தது.