பாலையூற்றுக்கு ஓர் ஆள் வேணும்

ஆள் தேடிக் கொடுக்கிற வேலை, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் போனில் கதைத்துக்கொண்டிருக்கிற சுகமான வேலை. செய்து பார்த்தவர்களுக்கோ அது “ஏலாது” என்ற சொல்லை நாள் முழுக்கக் கேட்டும் முகம் கோணாமல் இருக்கிற வேலை.

எங்கள் மாதர் சங்கம் திருகோணமலைப் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு வீட்டுத் துணைக்கு ஆள் அனுப்புகிறது. எந்த வீட்டுக்கு யார், எந்த நேரம் என்று ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆள் தேடி அலைந்தவர்கள் இதை வாசித்தால், நான் சொல்லாமலே பாதி விளங்கும். என் மகள் லண்டனில், மகன் கட்டாரில். இரண்டு பேருடைய விசாவுக்கும் சந்திப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துத் தேங்காய் உடைத்தவள் நான்தான். அதனால் ஊரில் இளம் ஆட்கள் இல்லையே என்று மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கொழும்புக் கடல்

சின்னராசா ஐயா பட்டணத்துக்குப் பக்கத்தில் பாலையூற்றில் தனியாக இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பங்குனி மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தப்பிவிட்டது, கால்தான் பிறகு பழைய கால் இல்லை.

கனடாவில் இருக்கிற மகன் எனக்குப் போன் எடுத்தார். கூடாத பிள்ளை இல்லை. ஓகஸ்ட் லீவுக்கு வருவாராம். அதற்கு முன்னம் நம்பிக்கையான துணை ஒழுங்காகாவிட்டால், அப்பாவைக் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவாராம். கடல் தெரிகிற இடமாகவே பார்த்து வைத்திருக்கிறாராம்.

இதை ஐயாவிடம் சொல்ல நான் பயந்துகொண்டு போனேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கொழும்பிலயும் கடல் இருக்குத்தான், பிள்ளை. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதே.”

இளம் ஆட்கள் எத்தனை பேர்?

அந்த வீட்டுப் படலையைத் தாண்டும்போதே நான் பிள்ளையாரிடம் சொல்லிப்போட்டேன்: இந்த மனிசனை நான் கொழும்புக்கு விடமாட்டேன், ஓர் ஆளை நீதான் காட்ட வேணும் என்று.

அடுத்த கிழமை மாவட்டச் செயலகத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மாவட்டத்தில் வயதானவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள், வேலை செய்கிற வயதில் ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள், இன்னும் பத்து வருடத்தில் எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்று இப்போதே திட்டம் போட வேணும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் என் கண்ணுக்குப் பத்து வருடம் தெரியவில்லை, ஓகஸ்ட்தான் தெரிந்தது.

கூட்டத்தை நடத்திய அலுவலர் என் மகளிலும் இளைய பிள்ளை, பணிவாகக் கதைப்பவர். வீட்டுத் துணை வேலைக்குப் பயிற்சி கொடுக்கலாம், உங்கள் சங்கத்தால் இளம் ஆட்கள் எத்தனை பேரைத் தரமுடியும் என்று கேட்டார். ஈச்சிலம்பற்றில் ஒரு தம்பி இருந்தவர், அவரும் கட்டார் வேலைக்கு மெடிக்கல் செக்கப் எடுக்கப் போய்விட்டார் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னதை, அவர் இப்போது மெல்பேர்ன் போய்ச் சேர்ந்துவிட்டபடியால்தான் எழுதுகிறேன்: “நானும் அவுஸ்திரேலியா விசாவுக்குப் போட்டிருக்கிறன் அம்மா, இங்க ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

யாருக்குக் காய்ச்சல்?

சம்பூரில் தங்கம்மா அக்கா என்று ஒருவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து, பற்றை மூடிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி வீடு எழுப்பினவர். வேலைக்குப் பின்நிற்கிறவர் அல்ல. ஒரேயொரு குறை, ஐயாவிலும் பார்க்கக் கொஞ்சம்தான் இளையவர். ஐயாவின் வீட்டிலேயே தங்கி நிற்கச் சம்மதித்தார். நான் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன்.

கொளுத்தினது கொஞ்சம் முந்திவிட்டது. அடுத்த கிழமை நான் போய்க் கூப்பிட்டால், முன்னுக்கு ஒருவரும் இல்லை. குசினிக்குள் ஐயா ஒரு கையில் பொல்லை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் மல்லித்தண்ணியை வடித்துக்கொண்டு நின்றார். அறைக்குள் தங்கம்மா அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போர்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஐயா விடவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் போகும்போது ஐயா படலைவரை வந்து, தங்கம்மா அக்காவுக்குக் கேட்காமல் எனக்குச் சொன்னார்: “அவவை மாத்திப்போடாதேங்கோ பிள்ளை, காய்ச்சல் விடுமட்டும் நான் பாத்துக்கொள்ளுவன்.”

மத்தியானம் வரைக்கும்

தங்கம்மா அக்காவை அவருடைய பிள்ளைகள் வந்து சம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நான் போன் எடுக்காத ஆள் இல்லை. ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்குப் பேரப்பிள்ளை, ஒருவருக்கு அடுத்த மாதம் குவைத்.

கடைசியில் கிண்ணியாவிலிருந்து சபியா வந்தார். காலை பஸ்ஸில் வந்து, வீடு கூட்டி, சமைத்து, ஐயாவுக்குக் குளிக்கத் தண்ணி வைத்து, மத்தியானத்து லுஹர் தொழுகைக்கு முன்னம் திரும்பிவிடுவார். ஐயா துறைமுகத்தில் கிண்ணியா ஆட்களோடு வருடக்கணக்காக ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர். இரண்டு பேருக்கும் நல்லாய் ஒத்துப்போனது. சண்டை வந்தால் மீனுக்குத்தான். சபியா பாரை என்பார், ஐயா சூடைதான் வேணும் என்பார்.

ஆனால் பின்னேரம் ஐயா தனியாகத்தானே இருக்க வேணும்? ஒரு நாள் துணிந்து, முழு நாளும் நிற்க ஏலுமோ என்று கேட்டேன். சபியா பையை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு இறக்கி வைத்தார். எனக்கு இல்லையென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு நான் ஆள் போட்டால் இன்னொரு வீட்டில் ஓர் ஆள் குறைகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சில் ஏறியது. அவர் கேட்டது இவ்வளவுதான்: “பின்னேரமும் நான் இங்க நிண்டா, எங்கட மாமிய ஆரு அக்கா பாக்கிற?”

கிரேன்காரரின் கண்

ஆடி பிறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, ஓர் ஆளைக் காட்டு, ஓர் ஆளைக் காட்டு என்று மன்றாடினேன். கண்ணை மூடினால் பிள்ளையார் தெரியவில்லை. மல்லித்தண்ணி வடித்துக்கொண்டு நின்ற சின்னராசா ஐயாதான் தெரிந்தார். முதலில் கவலை கூடித்தான் இப்படி என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. துணை தேவைப்படுகிறவர்கள் ஒரு பக்கம், துணைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்று நான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தேன். இவ்வளவு கொஞ்சம் சனத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பிரிக்க ஏலுமோ?

ஐயாவின் வீட்டுக்கு எதிரே பூரணம் அக்கா தனியாக இருக்கிறார். அவரும் எங்களிடம் ஆள் கேட்டுக் காத்திருந்தவர். கால் உறுதி, கண்தான் மங்கல். சீனி வருத்தக் குளிசை எது, பிரஷர் மாத்திரை எது என்று தெரியாமல் மாறிப் போட்டு ஒருக்கால் மயங்கி விழுந்தவர். ஐயாவுக்குக் கால்தான் ஏலாது. கண், கிரேன் உச்சியிலிருந்து கப்பலின் அடித்தளத்தைப் பார்த்துப் பழகின கண். ஆகவே மூன்று நேரமும் பொல்லோடு ஒழுங்கையைக் கடந்து போய் அக்காவுக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது ஐயாவின் வேலை. சபியா போனபிறகு பொழுதுபடுமட்டும் ஐயாவின் வீட்டில் நிற்பது அக்காவின் வேலை. மற்றவர்களுக்குப் போலவே இவர்களுக்கும் சங்கம் சம்பளம் கொடுக்க வேணும் என்றேன்.

சங்கச் செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. துணை வாங்குகிறவரையே துணைக்குப் போடுகிறதோ என்று கேட்டார். நான் சத்தம் போடவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. வேறு ஆளைக் காட்டுங்கோ, இப்பவே மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே இருந்தேன். அவர் பெயர்ப்பட்டியலை இரண்டுதரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சம்பளக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

படுக்கப் போகமுன்னமும் எழும்பினவுடனும் இரண்டு பேரும் விசில் ஊத வேணும் என்பது ஐயாவின் ஏற்பாடு, துறைமுகத்துப் பழக்கம். ஒரு விசில் என்றால் சுகம், இரண்டு என்றால் உடனே வரவேணும். அது எப்படிப் போகிறது என்று பார்க்கப் போன என்னிடம் பூரணம் அக்கா முறையிட்டார்: “நான் தேத்தண்ணி கொண்டுபோகக் கொஞ்சம் பிந்தினாலும் ஊதுறார், தங்கச்சி. உந்த மனிசனுக்கு நான் என்ன, கப்பலோ?”

சனிக்கிழமை

சொன்னபடி ஓகஸ்டில் மகன் வந்தார். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வழி முழுக்கத் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவர் என்னை மரியாதையாகக் கதிரையில் இருத்தி, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும் அன்ரி, ஆனால் காலையில் ஓர் ஆள், பின்னேரம் கண் தெரியாத ஓர் ஆள் என்றால் எனக்கு அங்கே நித்திரை வராது என்றார். சனிக்கிழமை கொழும்புக்குப் போக வாடகைக்கு ஒரு வான் சொல்லியாயிற்றாம். அப்பா ஒருக்கால் அந்த இடத்தைப் பார்த்தால் போதுமாம். அவர் சொன்னதில் பிழையில்லை.

அறைக்குள்ளிருந்து ஐயா வந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் மணிக்கூடு, கழுத்தில் விசில். பூரணம் அக்காவின் மத்தியானக் குளிசைக்கு நேரமாகிவிட்டது. மகன் எழும்பி, எங்கே போகிறீர்கள் அப்பா, கொஞ்சம் இருங்கோ, சனிக்கிழமைக் கதையைக் கதைத்து முடிப்பம் என்றார். ஐயா நிற்கவில்லை. பொல்லை எடுத்துக்கொண்டு படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கி, திரும்பாமலே என் பக்கம் கையைக் காட்டினார்: “சனிக்கிழமை எனக்கு வேலை, தம்பி. லீவு வேணுமெண்டால் இவவிட்டக் கேள், குடுக்கமாட்டா, ஆள் இல்லை.”

அன்று முழுக்க அப்பாவுக்குப் பின்னால் ஒழுங்கையைக் கடந்து போய்ப் பார்த்த மகன், வான்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, போனில் ஊதிச் சுகம் கேட்கத் தானும் ஒரு விசிலை வாங்கிக்கொண்டு கனடாவுக்குத் திரும்பிவிட்டார். ஆள் தேடித் திரிந்த எனக்கு இப்போது மிச்சமிருக்கிற கரைச்சல், எனக்கும் ஒரு வேலை போட்டுத் தாங்கோ என்று பொல்லோடு வந்து நிற்கிறவர்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான்.