ஆயில் சீலோடு வந்த வளையல்

எங்கள் வீட்டில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தால், பிள்ளை பிறக்கும்வரை யாரும் எந்த ஓட்டையையும் அடைக்க மாட்டார்கள். ஆணி அடிக்க மாட்டார்கள், பூசணிக்காய் உடைக்க மாட்டார்கள், எலி வளையில் ஒரு கை மண்ணைக்கூடத் தள்ள மாட்டார்கள். அதிலும் பிள்ளைக்குத் தகப்பன் சுத்தியல் பக்கமே போகக் கூடாது, அவன் அடிக்கிற அடி வயிற்றுப் பிள்ளைமேல் விழும் என்பார்கள். சித்தி மாசமாக இருந்த அந்த வருஷம் எங்கள் பூண்டுப் பரணில் எலிகள்தான் சுகமாக வாழ்ந்தன.

அடைத்தே தீர வேண்டிய ஓட்டை ஒன்று ஜீப்பில் வந்து சேர்ந்தது.

வடகவுஞ்சியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வைத்திருந்த பழைய ஜீப்தான் பூண்டு மூட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும். சித்திக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இந்தத் தடவை வலி எடுத்ததும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கொடைக்கானலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து இஞ்சினின் முன்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. இஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். அது தேய்ந்துவிட்டது. சீசன் நேரம் என்பதால் டவுன் மெக்கானிக்குகள் ஒருவரும் எங்கள் ஊருக்கு வரத் தயாராக இல்லை.

சித்தப்பா திண்டுக்கல்லில் ஆறு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் சீலை மாற்றிவிடுவார். ஆனால் அவர்தானே தகப்பன். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பூண்டு போடுவதும் ஜீப் ஓட்டுவதும். ஆகவே அப்பா கையால் செய்ய வேண்டும், சித்தப்பா வாயால் சொல்ல வேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

“தம்பி, நீங்க அந்தப் பிளம்ஸ் மரத்துக்கிட்டயே நில்லுங்க. இந்தப் பக்கம் வரப்படாது.”

“அப்படியே என் வாயவும் கட்டிருங்க மதினி,” என்று சொல்லிக்கொண்டே அவர் போய் நின்றார்.

வேலைக்கான சாமான் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஸ்பேனர் நீளம் போதாதென்று அதன் வாலில் தண்ணீர்க் குழாயை மாட்டி, அதில் தொங்கித்தான் அப்பா தண்டின் நுனியில் ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியைக் கழற்றினார். பழைய சீலை நெம்பியெடுக்க, அடுப்பில் காய்ச்சி நுனியை வளைத்த ஸ்க்ரூ டிரைவர். புதியதைத் தட்டி இறக்க, அதே அகலத்தில் அறுத்த இரும்புக் குழாய்த் துண்டு. வத்தலக்குண்டிலிருந்து வாங்கி வந்த புது சீல், கிரீஸ் தடவி, பானட்டின் மேல் ஒரு செய்தித்தாளில் காத்திருந்தது.

எனக்கு எட்டு வயது. அதை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்துப் பள்ளத்தில் மெல்லிய சுருள்கம்பி ஒன்று வட்டமாகப் படுத்திருந்தது. நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. கையில் போட்டால் அளவெடுத்துச் செய்த வளையல். அப்போதெல்லாம் தின்பண்டப் பாக்கெட்டுக்குள் மோதிரமோ விசிலோ இனாமாக வரும். இதுவும் அப்படித்தான் என்று சத்தியமாக நம்பினேன். சீலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அந்தச் சுருள்தான் ரப்பரைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும், அது இல்லாத சீல் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது முப்பது வயதில், என் ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட்ட இடத்தில். அன்று அப்பாவுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பிளம்ஸ் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

அப்பா தட்டத் தட்ட சீல் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் எழும்பியது. அம்மா சித்திக்குக் கஞ்சி கொடுக்க உள்ளே போன சமயம் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்தார்.

“கோணலா நிக்குண்ணே. வெலகுங்க.”

சுத்தியலை வாங்கி, சுற்றிச் சுற்றி நாலே தட்டு. சீல் சமமாக உட்கார்ந்தது. சுருள் இருந்த பக்கம் இஞ்சினுக்குள் திரும்பியிருந்ததால் அவர் அதைப் பார்க்க வழியில்லை. மறுபடி மரத்தடிக்குப் போய்விட்டார். அப்பா என்னிடம், “அம்மாட்ட சொல்லிராத பாப்பா,” என்றார். கிளப்பிப் பார்த்தபோது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாம் நாள் வெள்ளனே சித்திக்கு வலி கண்டது. “கையில புள்ளையோட வாரேன்க்கா,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். ஏற்றத்தில் இஞ்சின் சூடேற ஏற ஆயில் கசிந்து ஃபேன் பெல்ட்டை நனைத்தது. பெல்ட் வழுக்கியது, தண்ணீர் கொதித்தது, பெருமாள்மலைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. மூடுபனியில் ஒரு முட்டைக்கோஸ் லாரி வர முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். ஆண் பிள்ளை. அது அழவே இல்லை.

மறுநாள் சித்தப்பா ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார். புல்லியைக் கழற்றி, சீலை நெம்பியெடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெறும் பள்ளத்தில் விரலை ஓட்டினார். நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது என் ஸ்வெட்டர் கை மேலேறிவிட்டது.

“ஏது பாப்பா இது?”

“சீலோட இனாமாக் குடுத்தாங்க சித்தப்பா.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வளையலை மெதுவாக உருட்டிக் கழற்றி, கிரீஸைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “யாருகிட்டயும் சொல்லக்கூடாது, என்ன?” என்றார். நானும் தலையாட்டினேன். கேட்காமல் எடுத்ததற்கு அடி விழும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

சித்தி வீட்டுக்கு வந்த அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குச் சுத்தியலத் தொட்டது யாரு?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கண் என்னிடம் வந்து நின்றது. என்னிடம் இரண்டு ரகசியங்கள் இருந்தன. வளையல் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ள மற்றதை விட்டுக்கொடுத்தேன்.

“சித்தப்பாதான் அடிச்சாரு.”

சித்தி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தச் சுருளை எடுத்துப் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

“ஆமா மதினி. நாந்தான் அடிச்சேன்,” என்றார்.

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க அவளுக்கு ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. பெற்ற பிள்ளையை அடித்தே கொன்றவர் என்று ஊரும் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டு இருந்தார். அவர் போய்ச் சேரும்வரை என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு விஷயம் தெரிந்தபோது, மன்னிப்புக் கேட்க அவர் இல்லை.

அன்று அவர் எழுந்து வெளியே போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார். கோள் சொன்னதற்குக் குட்டப்போகிறார் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். தலையில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தது. எனக்கு மீதமிருந்த ஒரே கவலை, வளையலை அவர் எப்போது திருப்பித் தருவார் என்பதுதான்.