காடியின் அகலம்

பட்டாபிராமனுக்கு அவசரம் என்ற சொல்லே ஆகாது. புனே தாபோடியில் ராணுவப் பட்டறை ஒன்றின் ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே, ஒரு பெட்டி ஆணியை எண்ணிக் கொடுக்கச் சொன்னால் எண்ணி முடித்துவிட்டு, சந்தேகம் வந்து, முதலிலிருந்து மறுபடி எண்ணுவார். வரிசையில் நிற்பவர்கள் மராத்தியில் வைவார்கள். அவருக்கு மராத்தி நன்றாகவே புரியும், புரியாதவர் போல எண்ணிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் தொண்ணூற்றாறில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, விஷ்ராந்த்வாடியில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து மரவேலையில் இறங்கினார். அவர் மனைவி வனஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

கொட்டகையில் பாதி இஸ்மாயிலுடையது. ஆம்பூரில் பிறந்து, அரைக்கால் சட்டை வயதில் புனே வந்து, கேம்ப் பக்கத்துப் பட்டறைகளில் தச்சு வேலை கற்றுக்கொண்டவர். அந்த ராணுவப் பட்டறைக்கு கான்டிராக்டில் வேலைக்கு வந்தபோது பட்டாபிராமனை வரிசையில் நின்று வைதவர்களில் அவரும் ஒருவர். தமிழில் வைதார், அதனால் பட்டாபிராமன் தலை நிமிர்ந்து பார்த்தார். சிநேகம் அப்படி ஆரம்பித்தது. பட்டாபிராமன் ஒரு துணி அலமாரிக் கபாட்டுக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் இஸ்மாயில் கபாட்டையே செய்து நிறுத்திவிடுவார். ஆனாலும் இருவரும் பிரியவில்லை. இடுப்பு வலிக்காரரான பட்டாபிராமனால் ஒரு முழுப் பிளைவுட்டைத் தனியாக மேசைமேல் ஏற்ற முடியாது, கொட்டகையே இஸ்மாயிலின் தோளில்தான் நின்றது. அது போகட்டும். நாள் முழுக்க வாய்விட்டுப் பேச அவருக்கு வேறு ஆளும் கிடையாது.

வந்த வினை, வனஜாவின் தம்பி விச்சு ரூபத்தில் வந்தது. நியூஜெர்சியில் இருந்த அவன் தொண்ணூற்றொன்பதில் லீவுக்கு வந்தபோது, அத்திம்பேர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று பெட்டிக்குள் சட்டை துணிக்கு நடுவே ஒரு செட் ரம்பம் கொண்டுவந்தான். வெளிப்பக்கம் இரண்டு வட்ட ரம்பங்கள், நடுவில் செருகிக்கொள்ளப் பல் வைத்த சில்லுகள். எல்லாவற்றையும் சேர்த்து மேசை ரம்பத்தின் தண்டில் மாட்டினால், அலமாரித் தட்டுப் பலகை உட்காரவேண்டிய பள்ளமான காடியை ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடும். உளியும் வேண்டாம், இரண்டு தடவை ஓட்டவும் வேண்டாம். அதன் துளைக்கு நம்மூர் மெஷின் ஒத்துவரவில்லை. பட்டாபிராமன் போசரியில் ஒரு லேத்காரரிடம் நடையாய் நடந்து, தண்டையே புதிதாகக் கடைந்து வாங்கினார். கடைந்த நாளில் அவர் முகத்தில் இருந்த களையைக் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்றாள் வனஜா.

பதினெட்டு மில்லிமீட்டர் என்று விற்கிற பிளைவுட் பதினெட்டாக இருந்த வரலாறு கிடையாது. ஒரு லாரியில் வந்தது பதினேழரை, அடுத்ததில் வந்தது அதற்கும் கொஞ்சம் கம்மி. காடி அந்த நிஜக் கனத்துக்கு அமையவேண்டும். இறுகினால் பலகை பிளக்கும், தளர்ந்தால் தட்டு ஆடும். சில்லுகளுக்கு இடையே மெல்லிய காகித வட்டங்களை வைத்துத்தான் அந்த மயிரிழையைக் கூட்டவேண்டும். பட்டாபிராமன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்காருவார். ஒரு சில்லின் பல் மற்றதன் மேல் உரசாமல் பள்ளத்தில் விழும்படி திருப்பி வைப்பார். காகிதம் வைப்பார், நட்டை முடுக்குவார், கழிவுத் துண்டில் ஒரு காடி வெட்டுவார். தட்டுத் துண்டை உள்ளங்கையால் அழுத்தினால் போகவேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. விழுந்தால் எல்லாவற்றையும் கழற்று. இதற்குள் இஸ்மாயில் இரண்டு டீ குடித்திருப்பார்.

காகிதத்துக்கு வனஜாவின் அண்ணன் கும்பகோணத்திலிருந்து வருஷா வருஷம் அனுப்புகிற பாத்திரக்கடைக் காலண்டர்தான். நாள்தோறும் கிழிக்கிற தாள், ஒரே சீரான கனம். பட்டாபிராமன் அதற்குக் கணக்கே வைத்திருந்தார், சாதாரணமாக ஏழு தாள் போதும். சாமி படம் போட்ட தாளையும் நல்ல நாள் தாளையும் ரம்பத்தில் கொடுக்க வனஜா சம்மதிக்கமாட்டாள். அஷ்டமி, நவமி, கரிநாள் இவை மட்டும் கொட்டகைக்கு வரும்.

"இன்னா சாமி, ஊர்ல இருக்கற கெட்ட நாளை எல்லாம் பொறுக்கி மெஷின்ல கட்றீங்கோ. தொழில் எப்டி வெளங்கும்?" என்பார் இஸ்மாயில்.

"கொஞ்சம் இருங்கோ பாய், ஆயிடுத்து," என்பார் பட்டாபிராமன். ஆகியிருக்காது.

இஸ்மாயிலின் மச்சான் மஸ்கட்டில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் மேஸ்திரி. வா வா என்று இரண்டு தரம் கூப்பிட்டான், இரண்டு தரமும் இவர் மறுத்தார். மூன்றாம் தரம் கூப்பிட்டது இரண்டாயிரத்து இரண்டு கடைசியில். வீட்டில் இரண்டு பெண்கள் வளர்ந்து நின்றார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பில்டர் சேட், ஆளந்தி ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் சேம்பிள் ஃப்ளாட்டுக்குக் கபாட்டும் புத்தக அலமாரியும் செய்யச் சொன்னார். பிடித்திருந்தால் கட்டடம் முழுக்க அவர்களுக்கே.

"இது ஓகே ஆச்சுன்னா மச்சானுக்கு இல்லைன்னு சொல்லிடறேன் சாமி. ஆவலைன்னா போயிடுவேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கோ," என்றார் இஸ்மாயில்.

பட்டாபிராமன் தலையை ஆட்டினார். அன்று வீட்டுக்குப் போய் ரசம் சாதத்தைப் பிசையாமலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரியில் வேலை நடந்தது. தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட்டை சேட்டே வாங்கி இறக்கியிருந்தார், ஒரு துண்டு வீணானாலும் மாற்றுக்கு வேறு இல்லை. அந்தப் புதன்கிழமை பட்டாபிராமன் காலையிலேயே ரம்பத்தை அமைத்து, வெட்டிப் பார்த்து, திருப்தியாகிவிட்டார். அப்புறம்தான் தட்டுகளில் இரண்டு குறைகிறது என்று தெரிந்தது. அதை அறுக்கச் செட்டைக் கழற்றிச் சாதா ரம்பத்தை மாட்டவேண்டி வந்தது. கழற்றும்போது காகித வட்டங்கள் கிழிந்து போயின. அறுத்த தட்டுகளை எல்லாம் ஓரப்பட்டி ஒட்ட வேறு பட்டறைக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் வியாழன், பகல் முழுக்க கரண்ட் இருக்காது. பக்கப் பலகைகளில் காடியை அன்றைக்கே எடுத்தாகவேண்டும்.

பழைய காலண்டரின் தாள் தீர்ந்திருந்தது. பையில் புது வருஷத் தாள்கள் இருந்தன. பாத்திரக்கடைக்காரருக்கு வியாபாரம் கொழித்திருக்கும் போல, தாள் வழுவழுவென்று கெட்டியாக இருந்தது. நல்ல தாள் என்று பட்டாபிராமன் சந்தோஷப்படக்கூடச் செய்தார். வழக்கம்போல ஏழு வட்டம் நறுக்கி வைத்து முடுக்கினார். கழிவுத் துண்டை எடுக்கக் குனிந்தபோது, "சாமி, காலைலதான் பாத்தீங்கோளே. ஜல்தி," என்றார் இஸ்மாயில்.

ஆயுளில் ஒரே ஒரு தடவை பட்டாபிராமன் அவசரப்பட்டார். துண்டைக் கீழே போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார். இரண்டு பேரும் பலகைக்குப் பின் பலகையாகத் தள்ளி, வெளிச்சம் போவதற்குள் எல்லாக் காடியையும் எடுத்துவிட்டார்கள். இவ்வளவு வேலையை ஒரே பிற்பகலில் அந்தக் கொட்டகை கண்டதே இல்லை. இஸ்மாயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தட்டுகள் திரும்பி வந்தன. முதல் தட்டைக் காடியில் வைத்துக் கைவிட்டதும் அது சரிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. இடைவெளியில் நகம் நுழைந்தது. இரண்டாவதும் அப்படியே. பட்டாபிராமன் ஒரு புதுத் தாளையும் கீழே கிடந்த பழைய கிழிசலையும் இரண்டு கை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றில் பழையதின் ஒன்றரைத் தாள் கனம் இருந்தது. குறுகின காடியை அகலப்படுத்தலாம், அகன்றதை என்ன செய்வது? அவர் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போவலை. எழுந்திருங்கோ."

இஸ்மாயில் அதே தேக்கின் தூளைச் சலித்து ஃபெவிகாலில் குழைத்தார். காடியில் பூசித் தட்டை இறக்கி, கொட்டாப்புளியால் பதமாகத் தட்டி, வழிந்ததைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மேலே பாலிஷ் கொடுத்தார். பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். இணைப்பு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு மழைக்காலம் தாங்காது பாய்," என்றார்.

"சேம்பிள் ஃப்ளாட்ல யாரு குடியிருக்கப் போறாங்கோ?"

சேட் வந்தார். கதவைத் திறந்து மூடினார். ஒவ்வொரு தட்டாகக் கையால் தடவிக்கொண்டே போனார். சேட் பக்கத்தில் நின்ற இன்ஜினியரைப் பார்த்து, "ஏக்தம் மஸ்த், பிரமாதம்! இதே மாதிரிதான் எல்லா வீட்டிலேயும் வேணும்," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, இருவர் கையையும் குலுக்கினார்.

வெளியே வந்ததும் பட்டாபிராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்ச்சாரி டபரி டீக்கடையில் அவரே முந்திக்கொண்டு இரண்டு கட்டிங் சாய் சொன்னார். இஸ்மாயில் மட்டும் கிளாஸைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, சேட்டு தடவிப் பாத்தாரே, கவனிச்சீங்கோளா?"

"எனக்கு உசிரே போயிடுத்து பாய்."

"அவுருக்கு ஒண்ணுமே தெரியலை." இஸ்மாயில் டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். "இத்தினி வருஷம் நீங்கோ கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டிகினு இருந்தப்போ, நான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். என்னைக்காவது ஒருத்தன் கை வெச்சுப் பாத்து, இது வேற வேலைன்னு சொல்லுவான்னு நெனச்சேன். அதுக்கோசரம்தான் மச்சானுக்கு ரெண்டு தரம் இல்லைன்னேன். பசையும் தூளும் போதும்னா நான் எதுக்கு சாமி காத்துகினு இருந்தேன்?"

பட்டாபிராமன் தன் கிளாஸையும் பெஞ்சில் வைத்தார்.

"நான் மஸ்கட் போறேன்."

"பாய், ஆர்டர் கெடைச்சிருக்கே!"

"கெடைச்சதாலதான். இது ஃபெயிலாயிருந்தா, நம்ம வேலை சரியில்லை, அதான் போச்சுன்னு, காடி கச்சிதமா இருக்கணும்ங்கற உங்க பேச்சை இன்னும் நம்பிகினு இருப்பேன். மஸ்கட் போனாலும் நம்பிகினுதான் போயிருப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பட்டாபிராமன் சமாதானம் சொல்லியிருப்பார். இது வேறு மாதிரி இருந்தது. உண்மை என்று தெரிந்த ஒன்றுக்கு எந்தச் சமாதானத்தைத் தேடுவது? டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு இருவரும் கொட்டகை வரை சேர்ந்தே நடந்தார்கள். வழியில் இஸ்மாயில் தன் பெரிய பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொன்னார், பட்டாபிராமன் உம் கொட்டினார்.

பிப்ரவரியில் இஸ்மாயில் கிளம்பினார். பம்பாய் பஸ் ஏற்றிவிட பட்டாபிராமன் போயிருந்தார். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக்கூட இடுப்பு இடம் கொடுக்கவில்லை, பக்கத்தில் சும்மா நின்றார். பஸ் நகர்ந்ததும் கையை ஆட்ட மறந்து, மறைந்த பிறகு ஆட்டினார். அடுத்த வாரம் சேட்டிடம் போய், தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். சேட் வேறு ஆட்களை வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் வனஜா சாதம் போடும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏன்னா, கட்டடம் பூராவும் வேலை கையில வந்தது. இருங்கோ பாய்னு ஒரு வார்த்தை அவரைக் கேட்டேளா?"

"இல்லை."

"கேட்டா என்ன கொறைஞ்சா போயிடுவேள்?"

பட்டாபிராமன் மோருக்குச் சாதத்தில் குழி பண்ணினார். "கேட்டா இருந்திருப்பார், வனஜா. அதான் கேக்கலை," என்றார்.

அவள் மோரை ஊற்றினாள். அவர் சாப்பிடத் தொடங்கினார்.