கட்டாமல் விட்ட நாய்

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் பஞ்சுப் பொதிகள் அடுக்கியிருந்த கிட்டங்கி ஒன்றுக்கு ஏசுவடியான் பதினெட்டு வருஷம் காவல் இருந்தார். பெண்டாட்டி காலராவில் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரு செவலை நாய்தான். ராசா என்று கூப்பிடுவார். குடிக்கிற கஞ்சியில் பாதி அதற்கு. பகலில் அதைக் கட்டிப்போடும்படி முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார். "பச்சப்புள்ள மாதிரி கெடக்கு, அதப் போயிக் கட்டவா?" என்று ஏசுவடியான் சும்மா இருந்துவிட்டார்.

1944 ஆவணியில் ஒரு காலை, சாக்குத் தைக்க வந்த பேச்சியின் கெண்டைக்காலை அந்த நாய் கவ்விவிட்டது. அவள் அதை விரட்டவுமில்லை, மிதிக்கவுமில்லை.

"அண்ணாச்சி, ஆசுபத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிடுதேன். வயித்துல பதினாலு ஊசியாமே" என்றாள்.

"அது வெறிநாய் கடிச்சாத்தான். என் ராசாவுக்கு என்னளா வெறி? பதினாலு நாள் வேலைய விட்டுட்டு எங்கன போயி நிப்ப?"

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அவரே கட்டுப் போட்டார். பேச்சி அவர் வார்த்தையை நம்பினாள்.

ஐந்தாம் நாள் நாய் கஞ்சியைத் தொடவில்லை. தாடை தொங்கி எச்சில் வடிந்தது. ஏழாம் நாள் செத்தது. அது வெறிதான் என்று ஏசுவடியானுக்கு விளங்கிவிட்டது. கடலோர மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சொல்லிவிடுவோம் என்று பேச்சி சாக்குத் தைக்கும் இடம் வரை போனார்.

"நாய எங்க அண்ணாச்சி, காணல?" என்று அவளே கேட்டாள்.

"ஊர் சுத்தப் போயிருக்கும்."

அவள் காலைப் பார்த்தார். புண் ஆறத் தொடங்கியிருந்தது. அதைத் தனக்குச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஐப்பசியில் பேச்சி தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அவள் புருஷன் வெள்ளத்துரை போலீசில் எழுதிக் கொடுத்தான். நாயைக் கவனமில்லாமல் வளர்த்ததாக வழக்கு. முதலாளி அமர்த்திய வக்கீல் ஏசுவடியானைத் தனியே கூப்பிட்டார்.

"நாய் உம்மதுன்னு காட்ட அது கழுத்துல லைசென்சு வில்லை கிடையாது. தெருநாய்னு ஒரு வார்த்த சொல்லும். கேஸ் நிக்காது."

ஏசுவடியான் தலையாட்டினார். ஆனால் கூண்டில் ஏறியதும் எதிரே வெள்ளத்துரை நிற்பது தெரிந்தது. மாஜிஸ்திரேட், "நாய் உம்முடையதா?" என்று கேட்டார்.

"என் நாய்தான் எசமான். கட்டச் சொன்னாங்க, நான் கட்டல. அது வெறியில செத்ததும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவகிட்டச் சொல்லல. அன்னைக்கே சொல்லியிருந்தா ஊசி போட்டுப் பொழச்சிருப்பா."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளத்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வளர்க்கிற பிராணியால் பிறருக்குக் கேடு வராமல் காப்பது வளர்ப்பவன் பொறுப்பு, அதில் தவறியதற்கு மூன்று மாதம் சிறை என்று தீர்ப்பானது.

"மறைச்சதுக்கு எசமான்?" என்று கேட்டார் ஏசுவடியான்.

"வழக்கு அதைப் பற்றியதல்ல" என்று சொல்லி மாஜிஸ்திரேட் அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்தார்.

விடுதலையானதும் ஏசுவடியான் நேரே வெள்ளத்துரை வீட்டுக்குத்தான் போனார். வாசலில் நின்றவரை அவன் உள்ளே கூப்பிடவில்லை.

"மூணு மாசம் முடிஞ்சிட்டுன்னு சொல்ல வந்தீரா? எனக்கு முடியலயே" என்று கதவைச் சாத்தினான்.

கிட்டங்கியில் வேறு ஆள் வந்துவிட்டதால் அவர் உப்பளத்துக்குக் கூலியாகப் போனார். அங்கே யாரை நாய் கடித்தாலும், வேண்டாம் என்றாலும் விடாமல், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பதினாலு நாளும் கூடவே வந்து வெளியே காத்திருப்பார். பேச்சியின் பெயரைச் சொல்லித்தான் அவர்களை மசிய வைப்பார். தன் பங்கையும் மறைக்காமல் சொல்வார்.

1949-ல் அவர் செத்தபோது, அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாலு பேர் வந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். வெள்ளத்துரை வரவில்லை. அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.