துவக்கைத் திருப்பியது யார்?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் பொய் சொன்னார். துப்பாக்கி சுடும் திடலில் நான் மருந்து நிரப்பிய துவக்கை ஆட்களை நோக்கித் திருப்பினேன் என்று நிர்வாகக் குழுவில் சொன்னார். திருப்பியது அவர். குழலைப் பிடித்துத் தள்ளியவள் நான். பலர் முதல் பந்திக்கு மேல் வாசிப்பதில்லை என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் நார்த்மீட் என்ற புறநகரில் இருப்பவள். ரயில் பெட்டிகளுக்கு பிரேக் திருத்துவது என் வேலை. சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்து வந்தேன். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அந்த வகுப்புக்காகத்தான் கிழமை முழுவதும் பொறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துவக்கு சுடுவேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அனுமதிப்பத்திரம் இருக்கிறது. துவக்குகள் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

என்னிடம் இருப்பவை பழைய காலத்துத் துவக்குகளைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்தவை. குழலின் வாய்ப்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, துணித்துண்டோடு ஈயக்குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கத்தில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் சுத்தி தொப்பியில் அடிக்கும், பொறி உள்ளே போகும், மருந்து பற்றும். பிறகு முன்னால் புகையைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு வெடிக்கு இவ்வளவு வேலை. சுட்ட அன்றே சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் குழலைக் கழுவாவிட்டால் கறள் பிடித்துவிடும். கூழ்முட்டை நாற்றம் வீடெல்லாம் நிற்கும். "நீ எனக்குத் தேத்தண்ணி ஊத்தினதை விட அதுக்குச் சுடுதண்ணி ஊத்தினது கூட" என்பார் என் கணவர். பொய்யில்லை.

போரின் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவள் ஏன் காசு கொடுத்து அதே சத்தத்தை வாங்குகிறாய் என்று கேட்கிறார்கள். அங்கே சத்தம் எப்போது வரும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். இங்கே நான் முடிவு செய்கிறேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை. இன்னொன்றும் உண்டு. எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சாப்பிடும்போதும் எழுந்து எழுந்து நடப்பேன். துவக்கு நிரப்பும்போது மட்டும்தான் என் கால்கள் நிற்கின்றன. அவசரப்பட்டால் மருந்தை மறந்து வெறும் குண்டை இடித்து இறக்கிவிடுவோம், பிறகு அதை வெளியே எடுக்க அரை நாள் மெனக்கெட வேண்டும். ஒரு முறை அப்படிச் செய்தவர்கள் பிறகு அவசரப்பட மாட்டார்கள்.

தலைவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பள்ளி விழா ஒன்றில் அவரே கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் துவக்கு வச்சிருக்கிறியளாம். ஊரில மருந்து இடிச்சுச் சுடுற எங்கட இடியன் துவக்கு மாதிரியோ?"

"ஓம் அண்ணை. அதே இடியன்தான். இத்தாலியில செய்தது."

"இத்தாலிக்காரன் இடியன் செய்யிறானோ! ஒருக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் அனுமதி உள்ளவர் நின்றால் விருந்தாளி திடலில் சுடலாம். வாசலில் பெயர் பதிந்தார், காதுக்கு மூடி போட்டார், கண்ணாடி போட்டார். நான் நிரப்பிக் காட்டினேன். பிறகு முக்கியமான விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, சில நேரம் தொப்பி மட்டும் வெடிக்கும், துவக்கு வெடிக்காது. உள்ளுக்கு நெருப்பு இருக்கும். பிந்தியும் வெடிக்கலாம். அப்பிடி நடந்தால் அசையாதேங்கோ. நான் சொல்லுமட்டும் குழல் இலக்கைப் பாத்தபடி இருக்கவேணும்."

"ஓம் ஓம், விளங்குது. நான் எஞ்சினியர்."

முதல் வெடி நன்றாகப் போனது. புகை விலகியதும் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். மூக்கு நுனியில் கரி. "மனிசி கண்டால் கொல்லுவா" என்றார். இன்னொன்று கேட்டார். நிரப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது முறை தொப்பி மட்டும் டிக் என்றது. வேறு சத்தம் இல்லை.

அவர் திரும்பினார். துவக்கோடு திரும்பினார். இடப்பக்கத்து மேசையில் குனிந்திருந்த கிழவரின் முதுகைக் கடந்து குழல் என் வயிற்றுக்கு வந்து நின்றது. "தங்கச்சி, இது வேலை செய்யுதில்லை" என்றார். நான் குழலை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கம் தள்ளினேன். "அசையாதேங்கோ!" என்று கத்தினேன். திடலின் பொறுப்பாளர் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். தலைவரைச் சுடும் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார். இன்றைக்கு இனித் தொடக்கூடாது என்றும் சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள்.

துவக்கைப் பிடித்தபடி நான் நின்றேன். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பொறுப்பாளர் அதற்கு மேலும் நிற்க வைத்தார். நெருப்பு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்பது என்னைப் போன்றவளுக்கு என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. பிறகு புதுத் தொப்பி மாட்டி விசையை இழுத்தேன். வெடித்தது. தாளில் ஓட்டை விழுந்தது. கோட்டுக்குப் பின்னால் கதிரையில் இருந்த தலைவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். அது யாருடைய முதுகில் விழுந்திருக்கும், யாருடைய வயிற்றில் விழுந்திருக்கும் என்று அவருக்கு விளங்கியது. கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் குடிக்காமல் கதிரைக்குக் கீழே வைத்தார்.

காரில் திரும்பி வரும்போது சொன்னார். "தங்கச்சி, இது வெளியில தெரிய வேண்டாம். பள்ளிக்கூடத்தில எனக்கு ஒரு மரியாதை இருக்கு."

"ஆருக்குச் சொல்லப்போறன், விடுங்கோ" என்றேன். சொல்லவுமில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவர் என் விருந்தாளி. அவர் தோளை ஒட்டி நிற்க வேண்டியவள் நான், ஓரடி தள்ளி நின்றேன். அதற்கான கண்டிப்பைப் பொறுப்பாளரிடம் வாங்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்துப் பள்ளிச் செயலாளர் போன் பண்ணினார். நல்ல பொடியன்.

"அன்ரி, கொஞ்ச நாளைக்கு நீங்கள் ரெஸ்ட் எடுத்தால் நல்லம் எண்டு கமிற்றி நினைக்குது."

"ஏன், எனக்கென்ன வருத்தம்?"

"அப்பிடியில்லை அன்ரி. துவக்கு விசயம். பேரன்ற்ஸ் பயப்படுகினம்."

"துவக்கு விசயம் எல்லாருக்கும் முந்தியே தெரியும். இப்ப என்ன புதுசு?"

"நீங்கள் லோட் பண்ணின துவக்கை ஆக்கள் பக்கம் திருப்பினதெண்டு தலைவர் சொன்னவர். தன்ர கண்ணால கண்டதாம்."

ஏன் சொன்னார் என்று நான் யோசித்துப் பார்க்காத நாள் இல்லை. திடலில் இன்னொரு தமிழரும் சுடுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டிருப்பார். கதை எப்படியும் வரும், வருவதற்கு முன் தான் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பார். என் ஊகம்தான். நான் அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"தங்கச்சி, பள்ளிக்கூடத்தின்ர நன்மைக்குத்தான். பெரிசாக்காதேங்கோ."

"அண்ணை, ஆர் திருப்பினது?"

"இப்ப அதைக் கதைச்சு என்ன?"

"ஆர் திருப்பினது எண்டு கேட்டனான்."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எடுப்பதில்லை.

இப்போது சனிக்கிழமை காலைகளில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் விடியவே எழுந்து உடுத்துவிடுகிறேன். கழுவி வைத்த குழலை வெளியே எடுத்துத் திரும்பக் கழுவுகிறேன். குசினியை இரண்டு தரம் துடைக்கிறேன். காரை எடுத்துக்கொண்டு பள்ளி இருக்கும் வீதி வரைக்கும் போய், ரவுண்டபவுட்டைச் சுற்றித் திரும்பி வருகிறேன். ஒரு நாள் திரும்ப மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன், பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

லிட்கம்மில் மீன் வாங்கப் போன இடத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடி வந்தது. ழகரத்தைச் சொல்ல வைக்க நான் பட்ட பாடு அந்தப் பிள்ளைக்கும் எனக்கும்தான் தெரியும்.

"அன்ரி! ஆர் யூ சிக்?"

"இல்லையடா."

"தென் வை ஆர்ன்ட் யூ கமிங்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாய் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் ட்ரொலியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் மீன் பையோடு நின்றேன். கோபம் பிறகுதான் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்லப்பட்டது உண்மையாக இருந்தால் நானும் என் பிள்ளையை இழுத்திருப்பேன். திடலின் பொறுப்பாளர், தேவையென்றால் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து சாட்சி சொன்னால்தான் என்னை நம்புவீர்களென்றால் அந்த நம்பிக்கை எனக்குத் தேவையில்லை. பொய் வந்த வாயிலிருந்தே உண்மையும் வரவேண்டும்.

அண்ணை, உங்கள் மரியாதைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடமாட்டேன். பள்ளியின் பொதுக்கூட்டம் வருகிறது. நான் வருவேன், முன்வரிசையில் இருப்பேன். எல்லாப் பெற்றோரும் இருப்பார்கள், அந்தத் தாயும் இருப்பார். போனில் வேண்டாம், குழுவுக்குள் வேண்டாம், பிறகு தனியாகக் கதைக்கலாம் என்றும் சொல்ல வேண்டாம். மைக்கைக் கையில் எடுத்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்குத் துவக்கைத் திருப்பியது யார்?