கேள்விக்குள் ஒளிந்த பட்டியலும் செல்வராணியும்

செல்வராணி நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் கணவர் போனில் சொன்னபோது, அவள் அடித்த கேலி ஒன்றைச் சொல்லி நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் அது தெரியும்.

ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நெட்வொர்க் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர்களில் சாஃப்ட்வேர் ஏற்றுவது என் பொறுப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் டிபன் டப்பாவைத்தான் திறப்பாள். "பசியோட பாத்தா ஸ்கிரீன்ல எல்லாம் இட்லியாத் தெரியும்ட்டி" என்பாள்.

ஒருமுறை எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே கசிந்துவிட்டது. அது இருந்த கம்ப்யூட்டர் விற்பனைப் பிரிவு பால்ராஜ் அண்ணனுடையது. மெயிலிலும் பென்டிரைவிலும் தடயம் இல்லை. ஆனாலும் மேனேஜர் அண்ணனிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார். அண்ணனின் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஒரே ஒரு நாள் பொறுங்க சார்" என்றாள் செல்வராணி.

மறுநாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, அண்ணன் சாப்பிடப் போயிருக்காவ. அவிய கம்ப்யூட்டர் மட்டும் எம்புட்டுக் கேள்வி கேக்குன்னு பாரு."

எந்த இணையதளத்துக்குப் போவதானாலும் கம்ப்யூட்டர் முதலில் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி வெளியே உள்ள சர்வரிடம் முகவரி கேட்கும். அந்தக் கேள்வியை யாரும் தடுப்பதில்லை. இதுவோ அர்த்தமில்லாத நீளநீளப் பெயர்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அவற்றைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே எங்கள் பட்டியல்!

"முகவரி கேக்க மாதிரி நடிச்சு, கேள்விக்குள்ளயே ஃபைலைத் துண்டு துண்டா வெளிய கடத்துது."

கடத்தியது, தமிழ் எழுத்துருவை மாற்றித் தரும் ஓர் இலவச சாஃப்ட்வேர்.

"அதை ஏத்துனது நான்தான்" என்றேன்.

"தெரியும். நீயாச் சொல்லுதியான்னு செத்த நேரம் பாத்தேன். நீ ஏத்துன, நான் கவனிக்காம விட்டேன். ரெண்டு பேருமாப் போவோம்."

மேனேஜர் கத்தித் தீர்த்தார். கடிதத்தைக் கிழித்தும் போட்டார். கல்யாணப் பந்தியில் பால்ராஜ் அண்ணன் சம்பந்தியிடம் எங்களைக் காட்டி, "என்னைய மாட்டிவிட்டதும் இந்தப் பிள்ளையதான், காப்பாத்துனதும் இந்தப் பிள்ளையதான்" என்றார். செல்வராணிக்குப் புரையேறி, பாயசம் என் சேலையில் கொட்டியது.

அவளுடைய கூர்மையான கண் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஆனால் அன்று மேனேஜர் அறைக்குப் போகும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். உள்ளே போய் அவர் கத்தி முடிக்கும் வரை விடவே இல்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் பிடியைத்தான்.